பே ஸ்லிப், பில், ரிப்போர்ட்: மெயில்ல தானா அட்டாச் பண்ணி அனுப்ப எந்த வழி யாருக்குச் சரி?

போன ரெண்டு மாசத்துல மூணு பேர் ஒரே கேள்வியை வேற வேற மாதிரி கேட்டுட்டாங்க. ஒருத்தர் 140 பேர் வேலை பார்க்கற கம்பெனிக்கு மாசாமாசம் பே ஸ்லிப் அனுப்பற ப்ரோக்ராம் எழுதிட்டு இருக்கார், இன்னொருத்தர் ஆன்லைன் கடை வச்சிருக்கார், ஆர்டர் வந்த உடனே பில்லை பிடிஎஃப்பா கஸ்டமருக்கு அனுப்பணும், மூணாவது ஒரு தங்கச்சி, ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை, 60 பார்ட்டிக்கு எக்செல் ரிப்போர்ட்டை ஒவ்வொண்ணா கையால அட்டாச் பண்ணி அனுப்பி அலுத்துப் போய் கேட்டாங்க. மூணு பேரும் கேட்டது "எந்த லைப்ரரி நல்லா இருக்கும்"னுதான். ஆனா லைப்ரரி, அதாவது வேற ஒருத்தர் எழுதி வச்ச ரெடிமேட் கோடு, எதுங்கறது இதுல ரொம்ப பின்னாடி வர்ற முடிவு, அதுக்கு முன்னாடி முடிவு பண்ண வேண்டியது நாலஞ்சு இருக்கு, அதைச் சொல்லாம பேரை மட்டும் சொல்லிட்டா பின்னாடி மாட்டிப்பாங்க, அதனால விரிவாவே எழுதிடறேன்.

## எதை வச்சு எடை போடறது

முதல் இடம் நான் கொடுக்கறது ஒரே விஷயத்துக்கு. ஒருத்தரோட ஃபைல் இன்னொருத்தருக்குப் போகவே கூடாது. இதை ஏன் முதல்ல வைக்கறேன்னா என் கையாலயே அது நடந்திருக்கு. பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு கம்பெனிக்கு பே ஸ்லிப் அனுப்பற ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். லூப்புக்கு, அதாவது ஒவ்வொரு ஆளுக்கும் திரும்பத் திரும்ப ஓடற பகுதிக்கு, வெளியே ஒரே ஒரு மெயிலர் ஆப்ஜெக்ட், உள்ள ஒவ்வொரு ஆளுக்கும் அட்ரஸை மாத்தி, ஃபைலைச் சேர்த்து, அனுப்பற மாதிரி. ஒவ்வொரு சுத்துக்கும் பழைய அட்ரஸை கிளியர் பண்ணேன், பழைய அட்டாச்மென்ட்டை கிளியர் பண்ணல. முதல் ஆளுக்கு ஒரு ஸ்லிப் போச்சு, ரெண்டாவது ஆளுக்கு ரெண்டு, பத்தாவது ஆளுக்கு பத்து. ஏன் மெயில் போகப் போக மெதுவாகுதுன்னு பார்த்தப்பதான் எனக்கு உறைச்சுது, உடனே நிறுத்தினேன், ஆனா அதுக்குள்ள முப்பது சொச்சம் பேரோட சம்பளம் அடுத்தவங்க கைக்குப் போயிடுச்சு. போன மெயிலைத் திரும்ப வாங்க வழி கிடையாது. ஒரே வேலை பார்க்கற ரெண்டு பேருக்கு சம்பளத்துல நாலாயிரம் வித்தியாசம்னு அன்னிக்குத்தான் அவங்களுக்கே தெரிஞ்சுது. ஹெச்ஆர்ல இருந்த அம்மா சாயங்காலம் வரைக்கும் ஒவ்வொருத்தரா கூப்பிட்டு உட்கார வச்சுப் பேசினாங்க, அதைப் பார்த்துட்டு நின்னேன். அதுக்கப்புறம் எந்த வழியைப் பத்திப் பேசினாலும் இந்தக் கேள்வியிலதான் ஆரம்பிக்கறேன்.

ரெண்டாவது சைஸ். 1982ல வந்த எஸ்எம்டிபி, அதாவது ஒரு சர்வர்லேர்ந்து இன்னொண்ணுக்கு மெயில் போற முறை, அந்த விதிப்படி மெயில்ங்கறது 7 பிட் ஆங்கில எழுத்து மட்டும்தான், பிடிஎஃப், படம் எதுக்கும் அதுல இடமே கிடையாது. 1992ல நதானியல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் ரெண்டு பேரும் மைம்னு ஒரு முறையைக் கொண்டு வந்தாங்க, இன்னிக்கு வரைக்கும் எந்த மொழியில எந்த லைப்ரரியில அட்டாச் பண்ணாலும் அடியில நடக்கறது அதுதான். ஃபைலை பேஸ்64னு எழுத்தா மாத்துது, 3 பைட்டுக்கு 4 எழுத்து, அதுபோக 76 எழுத்துக்கு ஒரு தடவை வரி உடைக்கணும், எல்லாம் சேர்ந்தா ஃபைல் கிட்டத்தட்ட 37% ஊதிடும். ஜிமெயில் 25 எம்பினு சொல்றது ஊதறதுக்கு முன்னாடி இருக்கற சைஸ், அவங்க சர்வர் கனெக்ட் ஆன உடனே அறிவிக்கற அளவைப் பார்த்தா 35882577 பைட்னு இருக்கும், 25 எம்பியை ஊத வச்சா வர்ற கணக்கு அதேதான். ஆனா வாங்கற பக்கம் இருக்கற சின்ன கம்பெனி சர்வர்கள் பலதும் ஊதின பிறகு இருக்கற சைஸைத்தான் பார்க்கும், அங்க 10 எம்பினு வச்சிருந்தா உங்க ஃபைல் 7.3 எம்பிக்கு மேல போகக் கூடாது. உங்க பக்க லிமிட்டை மட்டும் பார்த்து சந்தோஷப்பட வேண்டாம்.

மூணாவது, இன்பாக்ஸ்ல விழணும். 2024 பிப்ரவரியிலேர்ந்து ஜிமெயிலும் யாஹூவும் ரொம்ப கறாராயிட்டாங்க, மெயில் நிஜமாவே உங்க டொமைன்லேர்ந்துதான் வருதுன்னு காட்டற எஸ்பிஎஃப், டிகேஐஎம் ரெண்டுல ஏதாவது ஒண்ணு எல்லாருக்கும் வேணும், ஒரு நாளைக்கு ஜிமெயிலுக்கு 5000க்கு மேல அனுப்பறவங்களுக்கு ரெண்டும் வேணும், கூட டிமார்க்கும் (அந்தச் சோதனையில தோத்த மெயிலை என்ன பண்றதுன்னு சொல்ற பதிவு) வேணும். நாலாவது, ஒரு நாளைக்கு எத்தனை மெயில். அஞ்சாவது, போய்ச் சேர்ந்துச்சா இல்லையானு நமக்குத் தெரியணும். கடைசியா ஒண்ணு, இதை யாரும் எழுதி வைக்கறதில்ல, நீங்க அந்த வேலையை விட்டுப் போன பிறகு அதை யார் பார்த்துப்பாங்க?

## வழி 1: மைம் மெசேஜை நாமளே எழுதறது

பிஹெச்பியில மெயில் ஃபங்ஷன், கையால ஒரு பவுண்டரி (மெயிலோட பாகங்களைப் பிரிக்கற வரி), கையால ஹெடர் (அனுப்புநர், சப்ஜெக்ட் மாதிரி தலைப்பு வரிகள்), நடுவுல பேஸ்64. தேடினா கிடைக்கற பழைய பாடம் பாதி இப்படித்தான் இருக்கு, ஷேர்டு ஹோஸ்டிங்ல எதையும் இன்ஸ்டால் பண்ணத் தேவையில்லைங்கறதால ஜனங்க இதை எடுத்துக்கறாங்க.

பவுண்டரிக்கு முன்னாடி ரெண்டு சின்னக் கோடு (--) வரணும், கடைசி பவுண்டரிக்குப் பின்னாடியும் ரெண்டு கோடு வரணும், ஹெடருக்கும் உள்ளடக்கத்துக்கும் நடுவுல ஒரு காலி வரி வேணும், ஒரு வரி 998 எழுத்தைத் தாண்டக் கூடாது, இதுல ஒண்ணு தப்பினாலும் வாங்கறவங்க ஸ்கிரீன்ல பிடிஎஃப்க்குப் பதிலா நாலு பக்கத்துக்கு புரியாத எழுத்து ஓடும். அதை விடப் பெரிய தொல்லை, அந்த ஃபங்ஷன் ட்ரூனு திருப்பிக் கொடுத்தா சர்வர்ல மெயில் க்யூவுல போட்டாச்சுன்னுதான் அர்த்தம், போய்ச் சேர்ந்துச்சுன்னு அர்த்தம் கிடையாது. யூசர் டைப் பண்ண பேரையோ சப்ஜெக்ட்டையோ அப்படியே ஹெடர்ல ஒட்டினா அதுக்குள்ள ஒரு வரி உடைச்சு யார் வேணா தன்னிஷ்டத்துக்கு அட்ரஸ் சேர்த்துக்கலாம், உங்க சர்வர்லேர்ந்து ஸ்பாம் கிளம்பும்.

கத்துக்கறதுக்கு ஒரு தடவை எழுதிப் பாருங்க, நிஜமாவே நல்லது, அப்புறம் எந்த லைப்ரரி என்ன பண்ணுதுன்னு கண்ணை மூடிட்டுச் சொல்லுவீங்க. வேலைக்கு வேண்டாம்.

## வழி 2: லைப்ரரியும் ஏற்கனவே இருக்கற மெயில் அக்கவுண்ட்டும்

பெரும்பாலான சின்ன ஆபீஸுக்கு இதுதான் போதும், அதனால இதைக் கொஞ்சம் நிதானமா பார்ப்போம்.

பைத்தான்ல எதையும் தனியா இறக்க வேண்டாம், கூடவே வர்ற ஈமெயில் மாட்யூல்ல ஈமெயில்மெசேஜ்னு ஒரு கிளாஸ் இருக்கு, 3.6 வெர்ஷன்லேர்ந்து அதுதான் சரியான முறை. ஆட்_அட்டாச்மென்ட்னு ஒரே ஒரு அழைப்பு, ஃபைலோட பைட், மெயின்டைப், சப்டைப், ஃபைல் பேர் கொடுத்தா போதும். நெட்ல பார்க்கற எம்ஐஎம்ஈபேஸ், என்கோடர்ஸ்னு பத்து வரி எழுதற முறை பழசு, இப்பவும் ஓடும், ஆனா புதுசா எழுதறவங்க அதைக் காப்பி பண்ணத் தேவையில்ல. நோட் (சர்வர்ல ஓடற ஜாவாஸ்கிரிப்ட்) பக்கம் நோட்மெயிலர், ஜாவா பக்கம் ஜகார்த்தா மெயில், பிஹெச்பிக்கு பிஹெச்பிமெயிலர். பிஹெச்பிமெயிலர் இன்னும் 5.2ல ஓடிட்டிருந்தா உடனே மாத்துங்க, 2016 டிசம்பர்ல வெளியே வந்த ஒரு ஓட்டை வழியா அனுப்புநர் அட்ரஸ்லயே கமாண்டைத் திணிச்சு சர்வரையே எடுத்துக்க முடிஞ்சுது.

நான் மேல சொன்ன விபத்து இந்த வழியிலதான் நடந்தது. பிஹெச்பிமெயிலர்ல கிளியர்அட்டாச்மென்ட்ஸ்னு தனி ஃபங்ஷன் இருக்கு, அதைக் கூப்பிடாம விட்டா முந்தின ஆளோட ஃபைல் ஒட்டிட்டே இருக்கும். பைத்தான்லயும் மெசேஜை லூப்புக்கு வெளியே உருவாக்கினா இதே கதி. கிளியர் பண்ணிக்கலாம்னு நினைக்காதீங்க, ஒவ்வொரு ஆளுக்கும் புது மெசேஜா உருவாக்குங்க, சர்வர் கனெக்ஷனை மட்டும் வெளியே வச்சு திரும்பத் திரும்ப உபயோகிங்க. மறந்தா ஆபத்துங்கற மாதிரி கோடை எழுதறதை விட, மறக்கவே ஒண்ணும் இல்லாத மாதிரி எழுதிடறது நல்லது.

நோட்மெயிலர்ல இன்னொரு இடம். அட்டாச்மென்ட்டா ஃபைல் பாத் கொடுக்கலாம், வெப் அட்ரஸும் கொடுக்கலாம், சவுகரியம்தான், ஆனா அந்தப் பாத் யூசர் அனுப்பற டேட்டாவுலேர்ந்து வந்துச்சுன்னா சர்வர்ல இருக்கற எந்த ஃபைலையும் தனக்கு மெயில் பண்ணிக்கலாம். அதைத் தடுக்கத்தான் டிஸேபிள்ஃபைல்ஆக்சஸ், டிஸேபிள்யூஆர்எல்ஆக்சஸ்னு ரெண்டு செட்டிங் வச்சிருக்காங்க, போட்டு விட்டுடுங்க.

இப்ப வெளியில தெரியாத செலவு. சாதா ஜிமெயில் அக்கவுண்ட்ல ஒரு நாளைக்கு 500, கம்பெனிங்க காசு கட்டி எடுக்கற கூகுள் வொர்க்ஸ்பேஸ்ல 2000, அதைத் தாண்டினா அந்த அக்கவுண்ட்டே கொஞ்ச நேரம் அனுப்ப முடியாம நிக்கும், அதே அக்கவுண்ட்ல மேனேஜர் மெயில் அனுப்பிட்டிருந்தா அவருக்கும் சேர்த்து. 2022 மே 30லேர்ந்து சாதா பாஸ்வேர்டு வச்சு சாதா ஜிமெயில்ல நுழைய முடியாது, டூ ஸ்டெப் போட்டு 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுக்கணும், அந்தப் பாஸ்வேர்டு ஒரு ஆளோட அக்கவுண்ட்டுக்குச் சொந்தம். அவர் வேலையை விட்டுப் போய் அக்கவுண்ட்டை மூடினா மாசக் கடைசியில ஒரு ஸ்லிப்பும் போகாது, யாருக்கும் காரணமும் தெரியாது. அதனால இதுக்குன்னே தனி அக்கவுண்ட் ஒண்ணு வைங்க. இன்னொண்ணு, ஜிமெயில் வழியா அனுப்பினா சென்ட் ஃபோல்டர்ல ஒரு காப்பி உட்கார்ந்துடும். அனுப்பினதுக்கு சாட்சியா அது உதவும், அதே நேரம் 140 பேரோட சம்பளமும் ஒரே மெயில்பாக்ஸ்ல குவிஞ்சு கிடக்கும். அட்ரஸ் தப்பா இருந்து பவுன்ஸ் ஆகித் திரும்பற மெயில்லயும் பல சமயம் அந்த அட்டாச்மென்ட் கூடவே வரும். அந்த மெயில்பாக்ஸ் பாஸ்வேர்டு யார் யார் கிட்ட இருக்குன்னு எண்ணிப் பார்த்துக்கோங்க.

சில கிளவுட் சர்வர்ல வேற பிரச்சனை, அமேசான் ஈசி2வுல வெளியே மெயில் போற 25ஆம் போர்ட் (ஒரு வாசல் மாதிரி) ஆரம்பத்துலயே மூடித்தான் இருக்கும், டிஜிட்டல்ஓஷன்ல 25, 465, 587 மூணுமே மூடியிருக்கும். லேப்டாப்ல ஓடினது சர்வர்ல ஓடலைன்னு ராத்திரி முழுக்க கோடைத் தோண்டறவங்களுக்கு முக்கால்வாசி இதுதான் காரணம்.

டைம்அவுட் பத்தியும் சொல்லியாகணும். மெயில் முழுசா போய், சர்வர் ஏத்துக்கிட்டு, "வாங்கிட்டேன்"னு சொல்ற பதில் மட்டும் நடுவுல தொலைஞ்சா, உங்க ப்ரோக்ராம் தோத்துடுச்சுன்னு நினைச்சு திரும்ப அனுப்பும், அவருக்கு ரெண்டு மெயில். எஸ்எம்டிபி விதியிலயே கடைசிப் பதிலுக்கு 10 நிமிஷம் வரைக்கும் காத்திருக்கச் சொல்லியிருக்கு, நம்ம ஆளுங்க 30 செகண்டுனு வச்சிடறாங்க. பெரிய அட்டாச்மென்ட்னா வாங்கற சர்வர் வைரஸ் ஸ்கேன் முடிச்சுட்டுத்தான் பதில் சொல்லும், அதனால இது அட்டாச்மென்ட் இருக்கற மெயில்லதான் அதிகம் நடக்கும்.

## வழி 3: மெயில் சேவையோட ஏபிஐ

அமேசான் எஸ்இஎஸ், சென்ட்கிரிட், மெயில்கன், போஸ்ட்மார்க் மாதிரி. ஏபிஐன்னா நம்ம ப்ரோக்ராம் அவங்க சர்வரை நேரா கூப்பிடற வழி. இங்க நீங்க மைம் பத்திக் கவலைப்பட வேண்டாம், ஜேசன்ங்கற எழுத்து வடிவத்துல ஃபைல் பேர், டைப், பேஸ்64 ஆன உள்ளடக்கம் மூணையும் வச்சு அனுப்பினா மிச்சத்தை அவங்க பார்த்துப்பாங்க. பவுன்ஸ் ஆச்சா, டெலிவரி ஆச்சானு வெப்ஹூக்ல, அதாவது அவங்க சர்வரே நம்ம சர்வரைக் கூப்பிட்டு, தகவல் வரும், பில் அனுப்பற கடைக்காரருக்கு இது ரொம்பப் பெரிய விஷயம், ஏன்னா "பில்லு வரலையே"னு போன் வந்தா பார்த்துச் சொல்லலாம்.

விலையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எஸ்இஎஸ்ல ஆயிரம் மெயிலுக்கு 10 சென்ட், அட்டாச்மென்ட் டேட்டாவுக்கு தனியா ஜிபிக்கு 12 சென்ட். 600 மெயில், ஒவ்வொண்ணுலயும் 150 கேபி பிடிஎஃப்னு வச்சாலும் மொத்தம் 90 எம்பிதான், ஏழு சென்ட் சுமார், ஒரு டீக் காசு கூட வராது. செலவு பணத்துல இல்ல, செட்டப்ல. டொமைனோட டிஎன்எஸ்ல (டொமைனுக்கான வெப்சைட், மெயில் எங்க இருக்குன்னு சொல்ற பதிவுகள்) கை வைக்கணும், பல கம்பெனியில அந்த டிஎன்எஸ் பாஸ்வேர்டு எப்பவோ வெப்சைட் பண்ணிக் கொடுத்த ஆள் கிட்ட இருக்கும், அவரைத் தேடிப் பிடிக்கவே ஒரு வாரம் ஆகும். எஸ்இஎஸ்ல ஆரம்பத்துல சேண்ட்பாக்ஸ்ங்கற சோதனை நிலையில வச்சிருப்பாங்க, ஒரு நாளைக்கு 200 மெயில், அதுவும் வெரிஃபை பண்ண அட்ரஸுக்கு மட்டும், வெளியே வர தனியா எழுதிக் கேட்கணும். நாளைக்கு மாசக் கடைசினு இன்னிக்கு இந்த வழியை ஆரம்பிக்காதீங்க.

சைஸ் லிமிட் ஒவ்வொரு இடத்துலயும் வேற. போஸ்ட்மார்க்ல மொத்தம் 10 எம்பி, மெயில்கன்ல 25, சென்ட்கிரிட்ல 30, எஸ்இஎஸ்ல பழைய ஏபிஐனா 10, புது வி2 ஏபிஐனா 40. ஆபீஸ்ல மைக்ரோசாஃப்ட் 365 இருந்தா கிராஃப் ஏபிஐயும் இதே வகைதான், ஆனா 3 எம்பிக்கு உள்ள இருந்தா நேரா ஒரே அழைப்புல போயிடும், 3லேர்ந்து 150 எம்பி வரைக்கும் அப்லோட் செஷன் திறந்து துண்டு துண்டா ஏத்தணும், டெஸ்ட்டுக்கு சின்ன ஃபைல் வச்சுப் பார்த்துட்டு லைவ்ல பெரிய ஃபைல் வந்த அன்னிக்கு உடையும்.

இதுல ஒரு குழி இருக்கு. சென்ட்கிரிட்ல ஒரே அழைப்புல 1000 பேருக்கு பேர் மாத்தி மாத்தி அனுப்பற வசதி உண்டு, பர்சனலைசேஷன்னு சொல்வாங்க. ஆனா அட்டாச்மென்ட் அதுக்கு வெளியே இருக்கு, அந்த அழைப்புல எது சேர்த்தாலும் எல்லாருக்கும் அதேதான் போகும். பே ஸ்லிப்புக்கு இந்த வசதியை எடுத்தா 140 பேருக்கும் 140 ஸ்லிப்பும் போகும், நான் பண்ண தப்பை விட மோசமா. ஆளுக்கொரு ஃபைல்னா ஆளுக்கொரு மெசேஜ்தான். போஸ்ட்மார்க்ல பேட்ச் அழைப்பு வேற மாதிரி, 500 தனித்தனி மெசேஜை ஒண்ணா அனுப்பலாம், ஒவ்வொண்ணுக்கும் அதோட அட்டாச்மென்ட் தனி, மொத்தம் 50 எம்பிக்குள்ள இருக்கணும்.

சின்னதா ஒண்ணு, பிரவுசர்ல ஃபைலைப் படிச்சு அனுப்பறவங்க பேஸ்64க்கு முன்னாடி "டேட்டா:"னு ஆரம்பிச்சு கமா வரைக்கும் வர்ற தலைப்பையும் சேர்த்து அனுப்பிடுவாங்க, சில இடத்துல எர்ரர் வராமலே மெயில் போயிடும், ஆனா பிடிஎஃப் திறக்காது. அந்தக் கமாவுக்குப் பின்னாடி இருக்கறதை மட்டும் வெட்டி எடுத்து அனுப்புங்க.

## வழி 4: கூகுள் ஷீட்டும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டும்

ஆப்ஸ் ஸ்கிரிப்ட்ங்கறது கூகுள் ஷீட்டுக்குள்ளயே கோடு எழுதி ஓட்டற வசதி. சர்வர் கிடையாது, இன்ஸ்டால் கிடையாது, ஷீட்ல பேர், மெயில், டிரைவ்ல இருக்கற ஃபைலோட ஐடி, மூணு காலம் (ஷீட்ல மேலேர்ந்து கீழ வர்ற கட்டம்). ஸ்கிரிப்ட் ஒரு இருபது வரி, டிரைவ்லேர்ந்து ஃபைலை எடுத்து அட்டாச்மென்ட்ஸ்ங்கற ஆப்ஷன்ல கொடுத்தா முடிஞ்சுது. கணக்கு தெரிஞ்ச, கோடு தெரியாத ஒருத்தர் பத்து நிமிஷத்துல புரிஞ்சுக்குவார், நான் கடைசியா வச்ச "அப்புறம் யார் பார்த்துப்பாங்க"ங்கற கேள்விக்கு இதுதான் நல்ல பதில்.

சாதா அக்கவுண்ட்ல ஒரு நாளைக்கு 100 பேர், வொர்க்ஸ்பேஸ்ல 1500. ஒரு தடவை ஓடினா 6 நிமிஷம்தான், பாதியில நின்னுடும், திரும்ப ஓட்டினா முதல்லேர்ந்து ஆரம்பிச்சு முன்னாடி போனவங்களுக்கே மறுபடி போகும். அதனால நாலாவதா ஒரு காலம் வச்சு, ஒவ்வொரு மெயிலும் போன உடனே அந்த வரியில தேதியை எழுதுங்க, எல்லாம் முடிஞ்ச பிறகு மொத்தமா எழுதலாம்னு வைக்காதீங்க. ஆபத்து எங்கன்னா, யாராவது மெயில் காலத்தை மட்டும் செலக்ட் பண்ணி சார்ட் பண்ணிட்டா பேரும் அட்ரஸும் இடம் மாறிடும், ஸ்கிரிப்ட் அது பாட்டுக்கு தப்பான ஆளுக்கு அனுப்பும். ஃபைல் பேர்லயே பார்ட்டி கோடு இருக்கணும், ஷீட்ல இருக்கற கோடும் அதுவும் ஒத்துப் போகலைன்னா அனுப்பாம நிக்கணும், ரெண்டு வரி செக்தான்.

## வழி 5: அட்டாச் பண்ணாம லிங்க் அனுப்பறது

ஃபைல் உங்க இடத்துலயே இருக்கும், மெயில்ல லிங்க் மட்டும். சைஸ் பிரச்சனையே போச்சு. அதை விட முக்கியம், தப்பான ஆளுக்குப் போயிடுச்சுன்னு தெரிஞ்ச நிமிஷமே லிங்க்கை மூடிடலாம், மத்த நாலு வழியிலயும் முடியாத ஒண்ணு இது. லாகின் பண்ணித்தான் திறக்கணும்னு வச்சா தப்பா போனாலும் திறக்காது.

ஆனா சும்மா ஒரு லிங்க் போட்டா லாகின் இருக்காது, லிங்க் கையில கிடைச்சவங்க யாரும் திறக்கலாம். அமேசான் எஸ்3ங்கற ஃபைல் கிடங்குல எடுக்கற ப்ரீசைன்டு லிங்க் (காலக்கெடுவோட வர்ற லிங்க்) அதிகபட்சம் 7 நாள்தான் உயிரோட இருக்கும், டெம்பரரி கிரெடென்ஷியல் (கொஞ்ச நேரத்துக்கு மட்டும் செல்லுபடியாகற அனுமதி) வச்சு போட்டிருந்தா அது முடியற நேரத்துல லிங்க்கும் செத்துடும், ஆறு மாசம் கழிச்சு லோன் வாங்கப் போறவர் பழைய ஸ்லிப்பைத் தேடினா மெயில்ல செத்த லிங்க்தான் இருக்கும். ஒரு தடவை மட்டும் திறக்கற லிங்க்னு வச்சா கார்ப்பரேட் ஆபீஸ்ல மாட்டிப்பீங்க, அங்க மெயில் ஸ்கேனர் வர்ற எல்லா லிங்க்கையும் தானே போய் திறந்து பார்க்கும், ஆள் கிளிக் பண்றதுக்கு முன்னாடியே லிங்க் தீர்ந்துடும். அதுபோக, "உங்க சம்பள விவரம் இங்கே"னு ஒரு லிங்க் வந்தா கிளிக் பண்ணாதீங்கன்னுதானே நாமளே எல்லாருக்கும் சொல்லித் தர்றோம்.

## ஒரே பார்வையில

| | கையால மைம் | லைப்ரரி + அக்கவுண்ட் | சேவை ஏபிஐ | ஆப்ஸ் ஸ்கிரிப்ட் | லிங்க் |
|---|---|---|---|---|---|
| தப்பான ஆளுக்குப் போற வாய்ப்பு | அதிகம் | லூப்பைப் பொறுத்தது | மொத்த அழைப்புல ஆபத்து | ஷீட் கலைஞ்சா ஆபத்து | போனாலும் மூடலாம் |
| சைஸ் | சர்வரைப் பொறுத்தது | ஜிமெயில் 25 எம்பி | 10லேர்ந்து 40 எம்பி | 25 எம்பி | கவலை இல்ல |
| ஒரு நாளைக்கு | ஹோஸ்டிங்கைப் பொறுத்தது | 500 / 2000 | ஆயிரக்கணக்குல | 100 / 1500 | மெயில் போற வழியைப் பொறுத்தது |
| போச்சானு தெரியுமா | தெரியாது | பவுன்ஸ் மெயில் வந்தா | வெப்ஹூக்ல தெரியும் | பவுன்ஸ் மெயில் வந்தா | திறந்ததும் தெரியும் |
| ஆரம்பிக்க ஆகற நேரம் | பார்க்க சுலபம் | அரை நாள் | சில நாள் | ஒரு மணி நேரம் | வாரக்கணக்கு, லாகினோட |

## தமிழ்ல ஃபைல் பேர் வைக்கறவங்களுக்கு

இது நம்மள மாதிரி ஆங்கிலம் இல்லாத எழுத்துல பேர் வைக்கறவங்களுக்கு வர்ற தலைவலி, ஆங்கிலத்துல எழுதற யாரும் இதைத் தொட மாட்டாங்க. மெயில் ஹெடர்ல ஃபைல் பேர் ஆங்கில எழுத்துல இருக்கணும்ங்கறதுதான் பழைய விதி, மத்த மொழிக்கு 1997ல ஆர்எஃப்சி 2231னு ஒரு வழி பண்ணாங்க. அதுப்படி ஒவ்வொரு தமிழ்க் குறியும் யுடிஎஃப்-8ங்கற எழுத்து முறையில 3 பைட், ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோட 3 எழுத்து. "சம்பளச்சீட்டு"ங்கறது நம்ம கண்ணுக்கு சின்ன வார்த்தை, கம்ப்யூட்டருக்கு புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனியா எண்ணி 13 குறி, அது 39 பைட், ஹெடர்ல 117 எழுத்து. ஒரு வரிக்கு 78க்குள்ள இருக்கறது நல்லதுங்கறதால அதை ரெண்டு மூணு துண்டா உடைச்சு எண் போட்டு எழுதணும். நல்ல லைப்ரரி இதைத் தானா பண்ணிடும், ஆனா வாங்கற பக்கத்துல பழைய சாஃப்ட்வேர் இருந்தா துண்டுகளைச் சேர்க்கத் தெரியாம பேரை விட்டுடும், ஜிமெயில்ல நோநேம்னும் அவுட்லுக்ல ஏடிடி00001னும் ஒரு ஃபைல் வந்து நிக்கும். பின்னாடி பிடிஎஃப்ங்கற எக்ஸ்டென்ஷனும் போயிடறதால போன்ல தொட்டா திறக்காது.

எனக்கு தமிழ்ல பேர் வைக்கத்தான் ஆசை. அதனால நான் பண்றது, சப்ஜெக்ட்டையும் மெயில் உள்ளடக்கத்தையும் முழுக்க தமிழ்ல வைக்கறேன், அது எல்லா இடத்துலயும் நல்லா வேலை செய்யுது, ஃபைல் பேரை மட்டும் ஆங்கில எழுத்துலயும் எண்ணுலயும் வச்சுக்கறேன், ஊழியர் எண், வருஷம், மாசம். பிடிஎஃப் உள்ள திறந்தா தலைப்பு தமிழ்ல இருக்கும்.

பாஸ்வேர்டு போட்ட பிடிஎஃப் பத்தியும் ஒரு வார்த்தை. பிறந்த தேதியை பாஸ்வேர்டா வைக்கறது நம்ம ஊர்ல பழக்கம், ஆனா 60 வருஷத்துக்கு இருக்கற தேதி மொத்தமே 22,000க்குள்ள, ஒரு ப்ரோக்ராம் எல்லாத்தையும் போட்டுப் பார்க்க அதிக நேரம் ஆகாது. பேன் எண்ணும் பிறந்த தேதியும் சேர்த்து வைங்க. ஃபைலை ஜிப் பண்ணி அதுக்குப் பாஸ்வேர்டு போடாதீங்க, உள்ள என்ன இருக்குன்னு ஸ்கேன் பண்ண முடியலைன்னு பல சர்வர் அப்படியே தள்ளிடும்.

## அந்த மூணு பேருக்கும்

பே ஸ்லிப் அண்ணனுக்கு: வழி 2, வொர்க்ஸ்பேஸ்ல இதுக்குன்னு தனி அக்கவுண்ட், ஒவ்வொரு ஆளுக்கும் புது மெசேஜ், பாஸ்வேர்டு போட்ட பிடிஎஃப். 140 பேருக்கு ஏபிஐ சேவை எடுத்து டிஎன்எஸ் ஆளைத் தேடி அலைய வேண்டாம். கம்பெனி ஐநூறு ஆயிரம்னு வளர்ந்தா அப்ப லாகினோட லிங்க்குக்குப் போங்க, ஏன்னா அந்த அளவுல தப்பு நடந்தா திரும்ப வாங்கற வழி கையில இருக்கணும்.

கடைக்காரருக்கு: வழி 3, யோசிக்கவே வேண்டாம். பில் சின்ன ஃபைல், ஆர்டர் எந்த நேரத்துலயும் வரும், தீபாவளி நேரத்துல ஒரே நாள்ல அக்கவுண்ட் லிமிட் தாண்டிடும், கஸ்டமர் கேட்டா பதில் சொல்ல டெலிவரி தகவல் வேணும். டிஎன்எஸ் வேலையை இப்பவே ஆரம்பிங்க.

ஆடிட்டர் ஆபீஸ் தங்கச்சிக்கு: வழி 4மா, 60 பேர், 100 லிமிட்டுக்குள்ள தாராளமா அடங்கும், நீயே பார்த்துக்கலாம், யாரையும் கேட்டு நிக்க வேண்டாம். அந்த தேதி காலமும் பார்ட்டி கோடு செக்கும் மட்டும் விட்டுடாத.

எந்த வழி எடுத்தாலும் முதல் தடவை நிஜ ஆளுங்களுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி, எல்லா மெயிலையும் உங்க ஒரே அட்ரஸுக்குத் திருப்பி விட்டு மொத்த லிஸ்ட்டையும் ஓட்டிப் பாருங்க, யாருக்குப் போயிருக்கணும்ங்கற ஊழியர் எண்ணை மட்டும் சப்ஜெக்ட்ல போட்டுக்கோங்க. 140 மெயில் வரணும், ஒவ்வொண்ணுலயும் ஒரே ஒரு அட்டாச்மென்ட் இருக்கணும், சப்ஜெக்ட்ல இருக்கற எண்ணும் ஃபைல் பேர்ல இருக்கற எண்ணும் ஒண்ணா இருக்கணும். முதல் மெயிலை மட்டும் திறந்து பார்த்துட்டு விட்டுடாதீங்க, என் ஸ்கிரிப்ட்லயும் முதல் மெயில் சரியாத்தான் இருந்துச்சு, நடுவுலயும் கடைசியிலயும் இருக்கறதைத் திறந்து பாருங்க.